கொடுப்பவர் இடப்பக்கம்

பிப்ரவரி 9

வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது பழகிவிட்டது. எழுதும்போது சண்டை போடுவதற்கு முன்னால் யோசிக்கவாவது நேரம் கிடைக்கிறது. என் ஒற்றுப் பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் இன்னும் நிறைய எழுதுவேன்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. வாஷர் மாற்றினேன், இன்னும் அதிகமாக ஒழுகுகிறது. "அவ்வளவு பெரிய மெஷினை ஓட்டுறான், வீட்டுக் குழாயைத் தொட்டா மட்டும் அது அழுவுது" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். நீ எனக்கு மெக்கானிக் என்று பெயர் வைத்தது இந்த வீட்டில் யாருக்கும் பொருத்தமாகப் படவில்லை.

நீ எந்தக் கண்டுபிடிப்பினால் வேலை கிடைத்து அவ்வளவு தூரம் போனாய் என்று அம்மா கேட்டாள். தனக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றாள். நம் ஆய்வுக்கூடத்தில் கிடக்கும் நீள எஃகுக் குழாயைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வாயுவைக் கொதிக்கவைத்துப் பிளாஸ்மா ஆக்குகிறோம், வெளியே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் விட்டால் குழாயின் நீளத்துக்கும் காந்தப்புலம் நிற்கிறது, அப்புறம் அதைக் கலக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறோம் என்றேன். பெரிய சுழல் உடைந்து நடுத்தரமாகிறது, நடுத்தரம் உடைந்து சின்னதாகிறது. காந்தப்புலம் இழுத்துப் பிடிப்பதால் சின்னவை நூல் மாதிரி நீண்டு மெலிகின்றன. கடைசியில் பெரியதிடம் இருந்த ஆற்றல் எல்லாம் சூடாகிப் போய்விடுகிறது. நம் குழாய் போன்ற குழாய்களில் எல்லாரும் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். நாம் மட்டும், நடுத்தரச் சுழல்கள் பெரியதற்குத் திருப்பிக் கொடுக்கின்றன என்று கண்டோம். இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மா, "பெத்ததுக்குப் பிள்ளைங்க திருப்பிக் குடுக்குதா? அப்ப அந்தப் பெரிய சுழல் குடுத்து வெச்சதுடா" என்றாள்.

புதிய அளவு ஊசிகள் வந்துவிட்டன. பிளாஸ்மாவுக்குள் விட்டுச் சூட்டையும் சேர்த்து அளக்கிறேன். அதில் ஒரு சின்னச் சந்தேகம். நம் கட்டுரையில் இரண்டு பாதி உண்டல்லவா, ஓட்டத்தின் ஆற்றல் உன் பாதி, காந்தத்தின் ஆற்றல் என் பாதி. எந்தச் சுழல் எதற்கு எவ்வளவு ஆற்றல் கொடுத்தது என்று என் பாதிக்கான அட்டவணையை உன் மேசைமேல் வைத்தேன். அதைப் படிக்கும்போது இடப்பக்கம் இருப்பவர் யார், மேலே இருப்பவர் யார், கொடுப்பவரா வாங்குபவரா, எப்படி எடுத்துக்கொண்டாய்? சும்மாதான் கேட்கிறேன்.

மெக்கானிக்

*

பிப்ரவரி 20

மெக்கானிக்குக்கு,

இந்த முறை ஒற்றுப் பிழையே இல்லை. யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பினாயா? வாஷரைத் திருப்பிப் போட்டுப் பார். கழற்றும் முன் தண்ணீரை மூடு. இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது பார்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம். எல்லாரும் கூரையின் கீழ் நிறுத்துகிறார்கள், ஒரு சிவப்பு வண்டி மட்டும் மழையில் நனைந்துகொண்டே நிற்கிறது. அதன் சொந்தக்காரரை நான் இன்னும் பார்த்ததில்லை. கணினிக் கூடம் அடுத்த அறை. அதன் இரைச்சல் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதலில் தலைவலித்தது, இப்போது அது நின்றால்தான் தலைவலிக்கும் போலிருக்கிறது.

இங்கே எல்லாரும் நல்லவர்கள். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "ஆற்றலை மேலே ஏற வைத்தவர் இவர்தான்" என்கிறார்கள். நான்தான் கையால் பிடித்துத் தூக்கிவிட்டது மாதிரி. ஜூன் மாதம் வேலையை நிரந்தரமாக்கும் குழு கூடுகிறது. அதற்கு முன்னால் நம் கட்டுரையைப் பற்றி எல்லாருக்கும் புரியும்படி ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அத்தை சொன்ன "குடுத்து வெச்சது" என்பதைச் சொற்பொழிவில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுச் சொல். படித்ததும் சிரித்தேன். அப்புறம் அப்பாவுக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்தேன் என்று தோன்றியது.

உன் கேள்விக்குப் பதில்: இடப்பக்கம் வாங்குபவர், மேலே கொடுப்பவர். எப்போதும் அப்படித்தான் படிப்பேன். யாருக்கு வந்தது என்று முதலில் பார்ப்பேன், யாரிடமிருந்து என்று பிறகு. ஏன் கேட்கிறாய்? உன் "சும்மாதான்" ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. என் நீலக் கோப்பையை உடைத்த அன்று, "உனக்கு நீலம்னா ரொம்பப் பிடிக்குமா, சும்மாதான் கேக்கிறேன்" என்று கேட்டவன்தானே நீ.

வாத்தியாரம்மா

*

மார்ச் 2

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூட வாசலில் நின்று பிரித்தேன். அந்த வரியைப் படித்துவிட்டு உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பம்ப் பார்த்துக்கொள்ளும் பையன்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் எழுதும் அட்டவணையில் இடப்பக்கம் கொடுப்பவர், மேலே வாங்குபவர். நான் படித்த இடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். நீ படித்த இடத்தில் வேறு மாதிரி. இவ்வளவு வருஷம் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம், ஒவ்வொரு முறையும் "எந்தப் பக்கம்?" என்று நீ கேட்பாய், "இந்தப் பக்கம்" என்று நான் சொல்வேன். அந்த முறை மட்டும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதன் கொடுமை என்னவென்றால் கூட்டிப் பார்த்தால் தெரியாது. ஒருவர் கொடுத்தது இன்னொருவர் வாங்கியது. பக்கம் மாற்றிப் படித்தாலும் எண்கள் அதேதான், கூட்டலும் கழித்தலும் மட்டும் இடம் மாறும். மொத்தத்தில் கணக்கு இடிக்கவே இடிக்காது. உன் பாதி நேராகவும் என் பாதி தலைகீழாகவும் சேர்ந்தபோது, நடுத்தரச் சுழல்களில் மட்டும் என் பாதி எடை அதிகமாகி, ஆற்றல் மேலே போவது போலத் தெரிந்திருக்கிறது. புதிய ஊசிகளில் சூடு அதிகமாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சின்னவை பெரியதற்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சூடாவதற்கு மிச்சம் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே குறையவே இல்லை. எங்கிருந்து வந்தது இவ்வளவு சூடு என்று தேடித்தான் பழைய அட்டவணையை எடுத்தேன்.

அதனால் நாம் கண்டுபிடித்தது என்று ஒன்றும் இல்லை. எல்லார் குழாயிலும் நடப்பதுதான் நம் குழாயிலும் நடந்திருக்கிறது.

நீ திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறேன் என்று நினைப்பாய். நீ திரும்பி வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது உண்மை. ஆனால் இதை நான் தேடிப் போகவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஜூனில் உன் வேலை உறுதியாகும்வரை நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றால் இருக்கிறேன். நீ சொன்னால் போதும்.

மெக்கானிக்

*

மார்ச் 8

மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் எழுதியிருப்பதை நான் நேரில் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ள முடியாது. அந்தச் சோதனை ஓட்டத்தின் மூல அளவுகள் அனைத்தையும் அனுப்பி வையுங்கள். ஜூன் வரை வாயை மூடிக்கொள்வதாகத் தாங்கள் காட்டிய பெருந்தன்மைக்கு நன்றி. எனக்கு அது வேண்டாம். திருட்டு வேலையில் நிரந்தரமாவதற்கு நான் இங்கே வரவில்லை.

இதற்கு மேல் நீங்கள், தாங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை.

அது எந்த ஓட்டம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? தம்பி போன் செய்து, "அக்கா, அப்பா உன்னைக் கேக்கிறாரு, கிளம்பி வா" என்று சொன்ன அன்று நாம் கூடத்தில் இருந்தோம். சுருளில் மின்சாரம் ஏற்றியாகிவிட்டது. அடுத்த வாரம் மின்வழங்கியை வேறு குழுவுக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ திரையைப் பார்த்தபடியே, "ரெண்டு நாள்தானே, முடிச்சுட்டுப் போ" என்றாய். முடித்தேன். நான் ரயிலில் இருந்தபோது அப்பா போய்விட்டார்.

அம்மா ஒருமுறைதான் என்னிடம் சொன்னாள், குற்றமாகச் சொல்லவில்லை. கடைசியில் அப்பா, "பாப்பா வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். வேலை நன்றாக முடிந்துவிட்டது அப்பா என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இந்த ஒன்றரை வருஷமும் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அறிமுகத்தில் யாராவது என்னைப் பாராட்டினால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது போல நினைத்துக்கொள்வேன். அவரை விட்டுக்கொடுத்து நான் வாங்கியது அது ஒன்றுதான். இப்போது நீ அதுவும் இல்லை என்கிறாய். இனி அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அளவுகளை அனுப்பு.

*

மார்ச் 14

அளவுகள் அனைத்தும் தனிக் கட்டாக வருகின்றன.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். நான் போகாதே என்று சொல்லவில்லை. முடித்துவிட்டுப் போ என்றேன். போ என்பது அதில் இருக்கிறது. மின்வழங்கியைக் கழற்றுவது என் முடிவு இல்லை. நீ அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் நான் தடுத்திருப்பேனா? நீயாகத்தான் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாய். உன் அப்பா அவ்வளவு சீக்கிரம் போவார் என்று மருத்துவர்களே சொல்லவில்லை.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. குழாய் சரியாகிவிட்டது.

*

ஏப்ரல் 6

மெக்கானிக்குக்கு,

நீ போகாதே என்று சொல்லவில்லை, உண்மை. போ என்றும் சொல்லவில்லை. நீ சொன்னதை நீ ஒரு பக்கத்திலிருந்து படிக்கிறாய், நான் மறுபக்கத்திலிருந்து. உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். அப்புறம் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். நீ சொன்னது சரி. உன் பாதியைத் திருப்பிப் போட்டதும் நடுவில் இருந்த அந்த மேடு காணாமல் போய்விட்டது. பெரியதிலிருந்து சின்னதுக்கு, பாடப் புத்தகத்தில் இருப்பது போல ஒழுங்காக இறங்கிப் போகிறது. உன் சூடும் அப்படியே பொருந்துகிறது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், பக்கத்து மேசைக்காரர் "நல்லா வந்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னேன். நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஜூன் முடிந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்றார். எல்லாருக்கும் ஜூன் மேல் அப்படி என்ன ஆசையோ. நிரந்தரமாக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு தள்ளி என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. சொற்பொழிவு இல்லை. இப்போது தேநீர் இடைவேளையில் நான் போனால் பேச்சு கொஞ்சம் நிற்கிறது, வேறொன்றும் இல்லை.

பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்த அறிவிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் தவறு என்று அதில் எழுத மாட்டேன். உன் பழக்கமும் தவறில்லை, என் பழக்கமும் தவறில்லை. அட்டவணையை இரண்டு விதமாகப் படித்துவிட்டோம் என்று மட்டும் இருக்கும்.

ஆனால் உனக்குச் சொல்கிறேன். அப்பா காரியம் முடிந்து நான் திரும்பி வந்த வாரம் அது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது நீ அட்டவணையை மேசைமேல் வைத்து, மேலே என் பேனாவை வைத்துவிட்டு ஆய்வுக்கூடம் போய்விட்டாய். வெளியே வந்து அதைப் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய். மாலையில் நீ வந்தாய், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். கேட்க வாயைத் திறந்தால் அந்தக் கேள்வியோடு நிற்காது, அப்பாவும் வெளியே வந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. நான் பேசாமல் தண்ணீர்ப் பாத்திரத்தை உன் பக்கம் நகர்த்தினேன். பிறகு என் வழக்கப்படியே படித்துக்கொண்டேன். நீயும் சொல்லியிருக்கலாம். நீயும் பயந்துதான் இருந்திருப்பாய்.

வாத்தியாரம்மா

*

ஏப்ரல் 14

வாத்தியாரம்மாவுக்கு,

பயந்துதான் இருந்தேன். பேனாவை மேலே வைத்ததே பேசுவதற்குப் பதிலாகத்தான். நீ குளியலறையில் இருக்கும்போது நான் கிளம்பியதும் தற்செயல் இல்லை.

போன கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் எடுத்துவிடு. அதை எழுதி உறையில் போட்டபோது நான் சரியாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். "போ" என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று வாதாடியவன் எப்படிப்பட்டவன் என்று அப்புறம்தான் புரிந்தது. நான் போ என்று சொல்லியிருக்க வேண்டும். முன்னால் ஒன்றும் சேர்க்காமல், போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவ்வளவு சின்ன வார்த்தை. எனக்கு அன்று வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்துவிடேன். ஜூன் வரைகூட எதற்கு, இப்போதே வா. உன் அறையில் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா கேட்டதையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள், "அவ வந்தா நான் ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன், அவ உன்னைத் திட்டணும்னா நல்லா திட்டட்டும்" என்றாள். உனக்கு இந்த வீட்டில் ஒரு ஆள் பலம் கிடைத்திருக்கிறது.

காந்தப்புலத்தின் மேல் ஓடும் அலைகளைப் பற்றி நாம் மாணவர்களுக்குச் சொல்வோமே. ஒரே திசையில் போகிறவை எவ்வளவு தூரம் சேர்ந்து போனாலும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, எதிரெதிரே வந்து மோதினால்தான் ஒன்று இன்னொன்றை மாற்றும் என்று. அந்த மாதம் முழுவதும் நாம் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். வந்து எதிரில் நில். மோது. கோப்பைகளை உடை, நீலம் பச்சை எதுவானாலும். நான் பதில் பேசாமல் நிற்க மாட்டேன், ஓடவும் மாட்டேன்.

கூடத்தில் இடம் இருக்கிறது. புதிய ஊசிகளோடு எல்லாவற்றையும் இரண்டு பேருமாக மறுபடி செய்யலாம். அட்டவணையின் தலையில் "இடப்பக்கம் வாங்குபவர்" என்று நானே எழுதிவிடுகிறேன், உன் வழக்கப்படியே இருக்கட்டும்.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை எழுத இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது.

மெக்கானிக்

*

மே 3

என் மெக்கானிக்குக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குக் கர்வம் வந்துவிடும். பெட்டியைக்கூட எடுத்துக் கட்டில்மேல் திறந்து வைத்தேன். இரண்டு புடவை மடித்து வைத்தேன். பிறகு அப்படியே அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

நான் வரவில்லை.

இது கோபம் இல்லை, நம்பு. கோபம் இருந்தால் நீங்கள் என்று எழுதியிருப்பேன். உன்னை எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கிறது. உன் கையெழுத்து உறையில் தெரிந்தால் படிக்கட்டில் கால் வேகமாகப் போகிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் உனக்கு எதிரில் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். நீ ஏதாவது திரையைப் பார்த்துக்கொண்டு பேசுவாய், அது உன் வழக்கம். எனக்கு அன்றைய அந்த "ரெண்டு நாள்தானே" மட்டும்தான் கேட்கும். நீ இப்போது போ என்று எழுதியிருக்கிறாய், அழகாக எழுதியிருக்கிறாய். அதைக் கேட்க வேண்டிய அன்று நான் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தேன். நீ சொன்னது சரிதான், நானாகத்தான் உட்கார்ந்தேன். அதனால் உன்னை மன்னித்துவிட்டாலும் வேலை முடியாது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மோதலாம் என்கிறாய். அப்பா போனதற்கு அன்றே ஒரு பெரிய சண்டை போட்டிருக்க வேண்டும். வீடே ஆடிப்போகிற சண்டை. நாம் போடவில்லை. அதற்குப் பதில் துண்டை ஏன் கதவில் போட்டாய், விளக்கை ஏன் அணைக்கவில்லை, சாவியை ஏன் மாற்றி வைத்தாய் என்று ஒரு வருஷம் பிடுங்கிக்கொண்டோம். அந்தப் பெரியது அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எங்கும் தொலைந்துபோகவில்லை, அந்த வீட்டுச் சுவர்களிலும் நம் இரண்டு பேரிலும் சூடாக ஏறிவிட்டது. அதைத் திரும்பக் கூட்டி அள்ளிச் சண்டை போட முடியாது. நீயே அளந்தவன், உனக்குத் தெரியாதா?

ஜூன் முடிந்ததும் அம்மாவிடம் போகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். சிவப்பு மை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா படுத்திருந்த அறையை அம்மா இன்னும் பூட்டியே வைத்திருக்கிறாளாம். அதைத் திறந்து நான் தங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள்.

அத்தையிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தனியாக அவளுக்கு எழுதத் தைரியம் இல்லை. உனக்காக நான் சேர்த்து வைத்திருக்கும் திட்டுகளை எனக்காக அவளே திட்டிவிடட்டும்.

திருத்த அறிவிப்பை நேற்று பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். தொடர்புக்கு உன் முகவரிதான் இருக்கிறது, முன்பு போலவே. அச்சுக்கு முன்னால் உனக்கு ஒரு பிரதி வரும், சரிபார்த்து அனுப்பிவிடு. நீ சரிபார்த்தால் எனக்கு நிம்மதி.

*

ஜூன் 11

வாத்தியாரம்மாவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் புடவைகளை எல்லாம் வெயிலில் காயவைத்து மடித்திருக்கிறாள். உன் தம்பி வந்தால் கொடுத்தனுப்புகிறேன். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எது உன்னுடையது எது என்னுடையது என்று எனக்கே தெரியாத புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, அதையெல்லாம் உன் பக்கமே போட்டுவிட்டேன்.

கூடத்தில் ஓட்டம் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் கொடுப்பவர் என்று கேட்டாள். அவள் பேனாவை வாங்கி அட்டவணையின் தலையிலேயே எழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகையிலிருந்து பிரதி வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நீ எழுதியதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, ஒற்றுகூட. எண்களைச் சரிபார்த்தேன், படத்தைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

கடைசியில் அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். பழைய கட்டுரையில் முதல் ஆசிரியரின் பெயருக்கு முன்னால் வேறு எழுத்து இருக்கிறது, இதில் எழுத்து மாறியிருக்கிறது, அச்சுப்பிழையா என்று. அப்போதுதான் உன் பெயரைப் பார்த்தேன். கல்யாணமானபோது யாரும் சொல்லாமல் நீயாகவே என் எழுத்தைப் போட்டுக்கொண்டாய். இப்போது அந்த இடத்தில் உன் அப்பாவின் எழுத்து இருக்கிறது.

பிறகு, பிழை எதுவும் இல்லை, இப்படியே அச்சிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.